கவுன்சில் மறுத்த பிறகு: இங்கிலாந்தில் சிறப்புக் கல்வி மேல்முறையீட்டுக்குப் போகும் பெற்றோருக்கு

என் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, அவனுக்குக் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீடே தேவையில்லை என்று எங்கள் கவுன்சில் ஒன்றரைப் பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பியது. அதிலிருந்து இரண்டு மேல்முறையீடுகள், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், 6,620 பவுண்டு. முதல் மேல்முறையீட்டை நானே நடத்தினேன். இரண்டாவதில் கல்விச் சட்டத்திலும், அரசு அமைப்புகளின் முடிவுகளைக் கேள்வி கேட்கும் பொதுச் சட்டத்திலும் தொழில் செய்யும் ஒரு பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) எங்களுக்காக வாதாடினார். எந்தக் கட்டத்தில் அவர் தேவை, எந்தக் கட்டத்தில் தேவையில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அந்தத் தாமதம் உங்களுக்கு நேர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குழந்தையின் சிறப்புக் கல்வித் தேவைகளையும் அதற்குத் தர வேண்டிய உதவியையும் சட்டப்படி எழுதிவைக்கும் அந்தத் திட்டத்தை, எல்லோரும் சொல்வதுபோல, இனி இ.எச்.சி. திட்டம் என்றே குறிப்பிடுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றில் சட்டமும் நடைமுறையும் வேறு. பள்ளிச் சேர்க்கை மறுக்கப்பட்டதற்கும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதற்கும் தனி மேல்முறையீட்டு வழிகள் உண்டு; அவற்றை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1. கடிதத்தின் தேதியை முதலில் பாருங்கள்

கவுன்சிலின் கடிதம் வந்ததும் கோபம் வரும். அதைச் சற்று ஒத்திவைத்து, கடிதத்தின் மேலே உள்ள தேதியை நாட்காட்டியில் எழுதுங்கள். அந்தத் தேதியிலிருந்து 2 மாதங்கள், அல்லது மத்தியஸ்தச் சான்றிதழின் (அடுத்த பகுதியில் சொல்கிறேன்) தேதியிலிருந்து 1 மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் மேல்முறையீடு, இவ்வகை வழக்குகளை விசாரிக்கும் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

பிறகு, எதை எதிர்த்து மேல்முறையீடு செய்கிறீர்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மதிப்பீடு செய்ய மறுப்பது, மதிப்பீட்டுக்குப் பிறகு திட்டம் வழங்க மறுப்பது, வழங்கிய திட்டத்தின் உள்ளடக்கம், நடப்பிலுள்ள திட்டத்தை நிறுத்துவது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி மேல்முறையீட்டு உரிமையைத் தருகின்றன. உள்ளடக்கம் என்றால் குழந்தையின் தேவைகளைச் சொல்லும் பி பிரிவு, அதற்குத் தர வேண்டிய உதவியைச் சொல்லும் எஃப் பிரிவு, பள்ளியைக் குறிப்பிடும் ஐ பிரிவு ஆகிய மூன்றும்தான். வரைவுத் திட்டத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. அதற்கு 15 நாட்களுக்குள் கருத்து மட்டுமே தெரிவிக்கலாம். இறுதித் திட்டம் கையொப்பத்தோடு வந்த பிறகுதான் கதவு திறக்கும்.

கவுன்சிலே தன் காலக்கெடுவைத் தாண்டிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். விண்ணப்பித்த 6 வாரங்களுக்குள் மதிப்பீடு செய்வதா இல்லையா என்று அது சொல்ல வேண்டும். 20 வாரங்களுக்குள் இறுதித் திட்டத்தைத் தர வேண்டும். முடிவே வராதபோது மேல்முறையீடு செய்ய எதுவும் இல்லை. அதற்கான வழியை 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. மத்தியஸ்தச் சான்றிதழை வாங்குங்கள்

மேல்முறையீட்டுக்கு முன் மத்தியஸ்த ஆலோசகரிடம் பேசியதற்கான சான்றிதழ் வேண்டும். மத்தியஸ்தத்தில் கலந்துகொண்டே தீர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை. கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்து, மத்தியஸ்தம் வேண்டாம் என்று சொன்னால், 3 வேலை நாட்களுக்குள் சான்றிதழை அனுப்பிவிட வேண்டும். ஆனால் அந்த அழைப்பை 2 மாதங்களுக்குள் செய்துவிடுங்கள். பள்ளியின் பெயரை மட்டும், அதாவது ஐ பிரிவை மட்டும், எதிர்ப்பவர்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை.

மத்தியஸ்தமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். மதிப்பீடு மறுக்கப்பட்ட நிலையில் சில கவுன்சில்கள் அந்த மேசையிலேயே இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மத்தியஸ்தத்துக்கு வந்த அதிகாரிக்கோ முடிவெடுக்கும் அதிகாரமே இருக்கவில்லை. எனவே நாள் குறிப்பதற்கு முன், வருபவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

3. ஆவணங்களைச் சேருங்கள்

வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பள்ளியின் ஆதரவுத் திட்டங்கள், ஆண்டறிக்கைகள், வருகைப் பதிவு, மருத்துவக் கடிதங்கள், பள்ளியோடு நடந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். அதே நாளில் கவுன்சிலுக்கும் பள்ளிக்கும், உங்கள் குழந்தையைப் பற்றி அவர்களிடம் இருக்கும் எல்லாத் தகவல்களின் நகலும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். எங்களுக்கு வந்த ஆவணக் கட்டுக்குள், மகனுக்குக் கூடுதல் உதவி அவசியம் என்று பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிய மின்னஞ்சல் கிடந்தது. மறுப்புக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மதிப்பீட்டை மறுக்கும் கடிதங்களில் இரண்டு வாசகங்கள் அடிக்கடி வரும். குழந்தை போதிய அளவு பின்தங்கவில்லை என்பது ஒன்று. பள்ளி தன் நிதியிலிருந்து முதலில் தர வேண்டிய பங்கான 6,000 பவுண்டை இன்னும் செலவழிக்கவில்லை என்பது மற்றொன்று. சட்டம் கேட்பது இவற்றை அல்ல. 2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின் 36(8)ஆம் பிரிவு இரண்டே கேள்விகளைக் கேட்கிறது. குழந்தைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கக்கூடுமா? இ.எச்.சி. திட்டத்தின் வழியாக உதவி தருவது அவசியமாக இருக்கக்கூடுமா? இந்தக் 'கூடுமா' என்ற சொல்லைத்தான் நீங்கள் பற்றிக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு பொறியும் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகிறது, ஆங்கிலம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நர்சரியிலிருந்தே சொல்லத் தொடங்குவார்கள். நாங்களும் அதை நம்பி, ஓர் ஆண்டு வீட்டில் தமிழை நிறுத்திப் பார்த்தோம். அவனுடைய பாட்டியோடு அவன் பேசுவது நின்றதைத் தவிர வேறு பயன் எதுவும் இல்லை. அதே சட்டத்தின் 20(4)ஆம் பிரிவு, வீட்டு மொழி வேறாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்கிறது. அந்த வாசகத்தையே தலைகீழாகத் திருப்பி, இருமொழிக் குழந்தையின் உண்மையான சிக்கலை மொழியின் மேல் போட்டுவிடுவதைப் பார்க்கிறோம். ஆகவே பேச்சு மொழிச் சிகிச்சையாளரை அமர்த்தும்போது, தமிழிலும் ஆங்கிலத்திலும் குழந்தை எப்படி இருக்கிறான் என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மொழிகளிலும் அதே சிக்கல் தெரிந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

4. படிவத்தை நிரப்புங்கள்

மதிப்பீடு மறுக்கப்பட்டிருந்தால் செண்ட் 35ஏ என்ற படிவம், மற்றவற்றுக்குச் செண்ட் 35. கட்டணம் இல்லை. முடிவுக் கடிதம், சான்றிதழ், திட்டம் இருந்தால் அதன் நகல், உங்கள் காரணங்கள் ஆகியவற்றை இணைத்து டார்லிங்டனில் உள்ள தீர்ப்பாய அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் படிவத்திலேயே குறிப்பிடுங்கள். அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

கெடு முடியும் நாள் ஆகஸ்ட் மாதத்தில் விழுந்தால், செப்டம்பரின் முதல் வேலை நாளில் கொடுத்தாலும் ஏற்கப்படும். வழக்கு நடக்கும்போதும் ஆகஸ்ட் மாத நாட்கள் வேலை நாட்களாக எண்ணப்படுவதில்லை. ஜூலையில் தாக்கல் செய்துவிட்டுக் கவுன்சிலின் பதிலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம், ஏனென்றால் பதில் தர அதற்கு உள்ள 30 வேலை நாட்கள் செப்டம்பருக்கும், ஜூலைக் கடைசியில் தாக்கல் செய்தால் அக்டோபருக்கும் நீண்டுவிடும்.

மதிப்பீட்டு மறுப்பு வழக்குகள் பெரும்பாலும் தாள்களை மட்டும் வைத்தே முடிவாகின்றன. எங்கள் முதல் வழக்கில் கவுன்சில் பதில் தரும் கட்டத்திலேயே இறங்கிவந்தது. அதற்கு ஒரு பாரிஸ்டரின் தேவை இருக்கவில்லை.

5. பணத்தை எங்கே செலவழிப்பது

முதலில் இலவசமாகக் கிடைப்பவை. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற ஆலோசனைச் சேவை உண்டு. இப்சியா என்ற தொண்டு நிறுவனத்தின் மாதிரிக் கடிதங்களை நான் அப்படியே எடுத்துப் பயன்படுத்தினேன். வருமானமும் சேமிப்பும் குறைவாக இருந்தால் அரசின் சட்ட உதவி கிடைக்கும். சேமிப்பு 8,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் கிடைக்காது. தீர்ப்பாய வழக்கில் அந்த உதவி தயாரிப்பு வேலைக்கும் நிபுணர் அறிக்கைக்கும் உண்டே தவிர, விசாரணையில் வந்து வாதாடுவதற்கு இல்லை. சட்ட உதவிக்குத் தகுதி இருக்கும் என்று தோன்றினால் சொலிசிட்டரிடம், அதாவது வழக்கைத் தயாரித்து நடத்தும் வழக்கறிஞரிடம், போங்கள். பாரிஸ்டரை நேரடியாக அமர்த்தினால் அந்த உதவி கிடைக்காது.

எங்களுக்குத் தகுதி இல்லை. வழங்கிய திட்டத்தின் உள்ளடக்கத்தை எதிர்த்த இரண்டாம் வழக்கில் கல்வி உளவியலாளரின் அறிக்கைக்கு 1,450 பவுண்டு, அவர் விசாரணைக்கு வந்ததற்கு 600, பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் அறிக்கைக்கு 850, பாரிஸ்டர் தாள்களைப் படித்து ஆலோசனை தந்ததற்கு வாட் உட்பட 840, விசாரணை நாளுக்கு வாட் உட்பட 2,880 ஆகின. தீர்ப்பாயத்தில் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்குத்தான். வென்றாலும் இந்தப் பணம் திரும்பி வராது, தோற்றாலும் கவுன்சிலின் செலவை உங்கள் தலையில் கட்டமாட்டார்கள்.

கையில் 2,000 பவுண்டு மட்டுமே இருந்தால் அதை அறிக்கைகளுக்குச் செலவழியுங்கள். நல்ல அறிக்கை இருந்தால் பாரிஸ்டர் இல்லாமலும் வெல்லலாம். அறிக்கை இல்லாமல் எவ்வளவு கெட்டிக்காரப் பாரிஸ்டர் வந்தாலும் அவர் கையில் எடுத்துக்காட்ட எதுவும் இருக்காது.

6. பாரிஸ்டரை நேரடியாக அமர்த்துவது

சொலிசிட்டர் வழியாக மட்டுமே பாரிஸ்டரை அணுக முடியும் என்ற நிலை இப்போது இல்லை. நேரடி அணுகலுக்கான பயிற்சி பெற்றவர்களை நாமே அமர்த்தலாம். பாரிஸ்டர்களின் அமைப்பான பார் கவுன்சிலின் நேரடி அணுகல் தளத்தில் கல்விச் சட்டம் என்று தேடுங்கள். கிடைக்கும் பெயரை, பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் பதிவேட்டில் சரிபாருங்கள். தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் அல்லாதவர்களும் பெற்றோருக்காகப் பேசலாம். அவர்களில் திறமையானவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் தவறு செய்தால் முறையிட ஒழுங்குமுறை அமைப்பு எதுவும் இல்லாமல் போகலாம். பணம் கொடுக்கும் முன் ஆள் யார் என்று கேட்டுவிடுங்கள்.

நீங்கள் முதலில் பேசப்போவது பாரிஸ்டரிடம் அல்ல, அவருடைய சேம்பர்ஸில், அதாவது அலுவலகத்தில், உள்ள கிளார்க்கிடம். கட்டணமும் தேதியும் அவர் கையில்தான். அவருக்கு முழுக் கதையையும் எழுதாமல், ஒரு பக்கத்தில் குழந்தையின் வயது, எந்த முடிவை எதிர்க்கிறீர்கள், விசாரணைத் தேதி, இதுவரை உள்ள அறிக்கைகள், உங்களுக்கு வேண்டிய வேலை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள்.

பாரிஸ்டர் ஆலோசனை சொல்வார், வாதுரை எழுதித் தருவார், வாதாடுவார். ஆனால் பெரும்பாலான பாரிஸ்டர்கள் உங்களுக்காகத் தாக்கல் செய்வதோ, கவுன்சிலோடு கடிதப் போக்குவரத்து நடத்துவதோ, உங்கள் பணத்தை வைத்திருப்பதோ கிடையாது. இது தெரியாமல், தீர்ப்பாயத்திலிருந்து வந்த ஓர் ஆணை அவருக்கும் போயிருக்கும் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். சாட்சிகளின் பெயரைத் தர வேண்டிய கெடு அப்படித்தான் தாண்டியது. செண்ட் 7 படிவத்தில் காரணம் எழுதி அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. நேரடி அணுகலில் நீங்கள்தான் உங்கள் சொலிசிட்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் அனுப்பும் ஒப்பந்தக் கடிதத்தில் இரண்டு இடங்களைக் கூர்ந்து படியுங்கள். விசாரணைக் கட்டணம் எந்தத் தேதியில் முழுதாகச் செலுத்தத்தக்கதாகிறது என்பது ஒன்று. விசாரணை ஒத்திவைக்கப்பட்டாலோ கவுன்சில் கடைசி நேரத்தில் இறங்கிவந்தாலோ எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது இன்னொன்று. விசாரணைக்கு இரண்டு நாட்களுக்கு முன் கவுன்சில்கள் பாதியை ஒப்புக்கொள்வது மிகவும் சாதாரணம்.

எப்போது அமர்த்துவது என்றால், நிபுணர் அறிக்கைகள் வந்த பிறகு, ஆனால் சான்றுகளைச் சமர்ப்பிக்கும் இறுதிக் கெடுவுக்குக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன். அறிக்கையில் ஓட்டை இருந்தால் அதை அடைக்க அந்த நேரம் வேண்டும்.

7. எஃப் பிரிவின் சொற்கள்

விசாரணைக்கு முன் திட்டத்தின் திருத்தப் பிரதி ஒன்று இரு தரப்புக்கும் இடையே போய்வரும். வொர்க்கிங் டாக்குமென்ட் என்பார்கள். நீங்கள் சேர்க்க விரும்புவதைத் தடித்த எழுத்திலும், கவுன்சில் சேர்க்க விரும்புவதைச் சாய்வெழுத்திலும், இருவரும் ஒப்புக்கொண்டதை அடிக்கோட்டோடும் காட்ட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் உங்கள் குழந்தைக்கு அடுத்த ஆண்டு என்ன கிடைக்கும் என்பது இந்தத் தாளில்தான் முடிவாகிறது.

எங்கள் திட்டத்தில் கவுன்சில் எழுதியிருந்தது இது: 'பேச்சு மொழிச் சிகிச்சையைப் பெறும் வாய்ப்பு, தேவைக்கேற்ப, முறையாக வழங்கப்படும்.' படிக்க இதமாக இருக்கிறது. பாரிஸ்டர் இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'இது நடக்கவில்லை என்று நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்?' ஆண்டுக்கு ஒரு முறை வந்தாலும் அது வாய்ப்புதான். நாங்கள் மாற்றி எழுதியது: 'பதிவுபெற்ற பேச்சு மொழிச் சிகிச்சையாளர், பள்ளிப் பருவத்தில் வாரம் ஒரு முறை, 45 நிமிடம், தனியாக நேரடிச் சிகிச்சை தருவார், அத்துடன் வகுப்புப் பணியாளருக்கு வழிகாட்டப் பருவத்துக்கு 3 மணி நேரம் ஒதுக்குவார்.' யார், எத்தனை முறை, எவ்வளவு நேரம், தனியாகவா குழுவிலா என்ற நான்கும் எல்லா வரிகளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். உதவி பெரும்பாலும் திட்டவட்டமாகவும் அளவோடும் எழுதப்பட வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு சாமர்செட் வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட விதி.

இதை உங்கள் ஊகத்தில் எழுத முடியாது. 45 நிமிடம் என்று நீங்கள் எழுதினால், 45 நிமிடம் ஏன் என்று சிகிச்சையாளரின் அறிக்கை சொல்லியிருக்க வேண்டும். அறிக்கை எழுதப்படுவதற்கு முன்பே அவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெற்றோர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

விசாரணை எங்களுக்குக் காணொளியில், ஒரு நாள் முழுவதும் நடந்தது. ஒரு நீதிபதியும் ஒரு சிறப்பு உறுப்பினரும் இருந்தார்கள். பாரிஸ்டர் எங்கள் கதையை அவர்களிடம் சொல்லவே இல்லை. கவுன்சிலின் சாட்சியிடம், 'தேவைக்கேற்ப என்றால் சென்ற பருவத்தில் எத்தனை முறை?' என்று கேட்டார். அந்த அம்மையார் தாள்களைப் புரட்டினார், பிறகு மறுபடி புரட்டினார். ஒரு முறை என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தீர்ப்பு 10 வேலை நாட்களுக்குள் வரும் என்றார்கள். ஒன்பதாம் நாள் வந்தது.

8. ஆணைக்குப் பிறகும் கவுன்சில் அசையாவிட்டால்

திட்டத்தின் உள்ளடக்கத்தைத் திருத்தக் கவுன்சிலுக்கு ஆணையிலிருந்து 5 வாரங்கள் உண்டு. திருத்திய பிறகு எஃப் பிரிவில் உள்ளதை நிறைவேற்றுவது 42ஆம் பிரிவின்படி அதன் கடமை. ஆளில்லை, பணமில்லை என்பதெல்லாம் பதிலாகாது. ஆனால் தீர்ப்பாயம் இதைக் கண்காணிக்காது, மறுபடி அங்கே போகவும் முடியாது. இங்கே வழி உயர் நீதிமன்றத்தின் நீதித்துறை மறுஆய்வு, அதாவது கவுன்சில் சட்டப்படி நடந்துகொண்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது. பாரிஸ்டரின் பொதுச் சட்ட அறிவு முழுமையாக வேலை செய்வது இந்த இடத்தில்தான். மதிப்பீட்டுக் காலக்கெடுவைக் கவுன்சில் தாண்டிக்கொண்டே போகும்போதும் இதே வழிதான். மாறாக, தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யக்கூடிய விஷயத்தை மறுஆய்வுக்குக் கொண்டுபோனால், உரிய வழி அங்கே இருக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதல் படி, வழக்குக்கு முந்தைய முறைக் கடிதம். எந்தக் கடமை, எந்த நாளிலிருந்து மீறப்படுகிறது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிப் பொதுவாக 14 நாட்கள் தர வேண்டும். பெரும்பாலான விவகாரங்கள் இந்தக் கடிதத்தோடு முடிகின்றன. எங்களுடையதும் அப்படித்தான் முடிந்தது, பதினோராம் நாள் சிகிச்சையாளர் பள்ளிக்கு வந்தார். முடியாவிட்டால் தாமதமின்றி, எப்படியும் 3 மாதங்களுக்குள், வழக்கைத் தொடுத்தாக வேண்டும். இந்த நீதிமன்றத்தில் தோற்றவர் மற்றவரின் செலவைக் கட்ட நேரலாம். ஆகவே சொலிசிட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். வழக்கு குழந்தையின் பெயரில் நடப்பதால் சட்ட உதவிக்குப் பெரும்பாலும் குழந்தையின் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். தீர்ப்பாயத்தில் தகுதி பெறாத எங்களைப் போன்ற குடும்பங்களுக்கும் இங்கே உதவி கிடைப்பது அதனால்தான்.

நடந்து முடிந்த இழப்புக்கு ஈடு வேண்டுமானால், முதலில் கவுன்சிலின் புகார் முறையை முடித்துவிட்டு, விஷயம் தெரியவந்த 12 மாதங்களுக்குள், கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஆம்புட்ஸ்மனிடம் செல்லுங்கள். இலவசம். இழந்த கல்விக்கு ஒரு பருவத்துக்கு 900 முதல் 2,400 பவுண்டு வரை பரிந்துரைப்பது அவர்களின் வழிகாட்டுதல். ஆனால் மேல்முறையீடு செய்திருக்கக்கூடிய முடிவுகளை அவர்கள் பொதுவாகத் தொடமாட்டார்கள்.

தீர்ப்பில் சட்டத் தவறு இருப்பதாக நீங்கள் நினைத்தால், மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கேட்க 28 நாட்கள் உண்டு. உண்மைகளை மறுபடி ஆராயச் சொல்லி அங்கே போக முடியாது. இந்த 28 நாட்களுக்குள் ஒரு பாரிஸ்டரிடம் தீர்ப்பைக் காட்டிக் கருத்துக் கேட்பது, செலவழித்த பணத்துக்குத் தகுந்த பயன் தரும்.

9. ஆண்டு மறுஆய்வு

திட்டம் 12 மாதங்களுக்குள் மறுஆய்வுக்கு வரும். கூட்டம் நடந்த நாளிலிருந்து 4 வாரங்களுக்குள், திட்டத்தை அப்படியே வைப்பதா, திருத்துவதா, நிறுத்துவதா என்று கவுன்சில் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். குழந்தை தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டான ஆறாம் ஆண்டில் இருந்தால், உயர்நிலைப் பள்ளியின் பெயரோடு இறுதித் திட்டம் பிப்ரவரி 15ஆம் தேதிக்குள் வர வேண்டும். அதற்கு முந்தைய அக்டோபரிலேயே பள்ளிகளைப் பார்த்து முடித்திருங்கள். திட்டத்தை மாற்றாமல் வைக்கிறோம் என்ற கடிதத்துக்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு. அந்தக் கடிதம் வந்தால், முதல் பகுதியில் சொன்னதுபோல, மேலே உள்ள தேதியை நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.